மாரடைப்பு: ஐயாவுக்கு ஒரு கணக்கு, அம்மாவுக்கு ஒரு கணக்கா?

மாரடைப்பு ஆண்களுக்கு வரும் நோய் என்றே எம்மவரில் பலர் இன்றும் நினைக்கின்றோம். குட்மேய்ஸ், செவன் கிங்ஸ், இல்போர்ட் பகுதிகளில் உள்ள எமது வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பதைக் கடந்த கணவரின் பிரஷர் எவ்வளவு, சீனி எவ்வளவு என்பது மனைவிக்குத் தெரியும். காலையில் எந்தக் குளிசை, இரவில் எந்தக் குளிசை என்பதும் அவருக்குப் பாடம். ஆனால் அதே மனைவியிடம் "உங்களுடைய பிரஷர் எவ்வளவு?" என்று கேட்டால், "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை" என்றுதான் மறுமொழி வரும். கடைசியாக எப்போது அளந்தீர்கள் என்று கேட்டால், கடைக்குட்டி பிறந்த காலத்தைச் சொல்லுவார்.

இந்த நிலை ஏன் ஏற்பட்டது, கடந்த எழுபது ஆண்டுகளில் இருதய நோய்க்கான காரணங்கள் ஆண்களிடமும் பெண்களிடமும் எப்படி மாறியுள்ளன, இலண்டனில் வாழும் தமிழர்களாகிய நாம் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை இம்முறை பார்ப்போம்.

ஆபத்துக் காரணி என்றால் என்ன?

இருதயமும் ஒரு தசைதான். அது வேலை செய்ய அதற்கும் குருதி வேண்டும். அந்தக் குருதியைக் கொண்டுசெல்லும் நாடிகளின் உட்சுவரில் பல ஆண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, ஒரு நாள் அந்தப் படிவு வெடித்து, அதன்மேல் குருதி உறைந்து அடைத்துக்கொள்வதே மாரடைப்பு. அடைப்பு ஒரு நாளில் வந்தாலும் அதற்கான ஆயத்தம் இருபது, முப்பது ஆண்டுகளாக நடக்கின்றது.

அந்த ஆயத்தத்தை விரைவுபடுத்தும் விடயங்களையே ஆபத்துக் காரணிகள் என்கிறோம். 1948ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிறேமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் தேர்ந்து, அவர்களை ஆண்டாண்டாகப் பரிசோதித்துவந்த ஆய்விலிருந்தே இந்தச் சொல் மருத்துவ உலகில் பரவியது. உயர் குருதி அமுக்கம், கொலஸ்ட்ரோல், புகைத்தல், சலரோகம் எல்லாம் முன்கூட்டியே நோயைக் காட்டிக்கொடுக்கும் அறிகுறிகள் என்பது அங்கே படிப்படியாகத் தெளிவாயிற்று.

வயது, பரம்பரை, ஆணா பெண்ணா என்பவற்றை எம்மால் மாற்ற முடியாது. ஏனையவற்றை மாற்றலாம். 2004ஆம் ஆண்டு வெளியான இன்ரர்ஹார்ட் என்னும் ஆய்வு 52 நாடுகளில் நடத்தப்பட்டது. புகைத்தல், குருதிக் கொழுப்பு, உயர் குருதி அமுக்கம், சலரோகம், வயிற்றுப் பருமன், மன அழுத்தம், பழமும் மரக்கறியும் குறைவாக உண்ணுதல், மதுப் பழக்கம், உடலசைவு ஆகிய ஒன்பது விடயங்களோடு ஆண்களின் முதல் மாரடைப்பு ஆபத்தில் 90 வீதமும் பெண்களின் ஆபத்தில் 94 வீதமும் தொடர்புபட்டிருப்பதாக அந்த ஆய்வு கண்டது. "எல்லாம் தலைவிதி" என்று சொல்லிவிட்டு இருக்க இனி இடமில்லை.

ஆண்களை மட்டும் அளந்த காலம்

இருதய நோய் ஆராய்ச்சியின் புகழ்பெற்ற பக்கங்கள் சில இதே இலண்டனில் எழுதப்பட்டவை. 1953ஆம் ஆண்டு ஜெரி மொரிஸ் என்ற மருத்துவ அறிஞரும் அவரது குழுவினரும் இலண்டன் போக்குவரத்து ஊழியர்கள் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். இரண்டு மாடி பஸ்ஸில் நாள் முழுவதும் இருந்தபடி ஓட்டிய சாரதிகளை விட, படியேறி இறங்கி ரிக்கற் கொடுத்த கண்டக்டர்களுக்கு இருதய நோய் குறைவாகவே வந்தது. தேகாப்பியாசம் இருதயத்தைக் காக்கும் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வதற்கு அத்திவாரம் இட்ட ஆய்வுகளில் இது முதன்மையானது. மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே குழுவினர் ஊழியர்களின் சீருடை அளவுகளை ஆராய்ந்தபோது, சாரதிகளின் காற்சட்டை இடுப்பளவு கண்டக்டர்களுடையதை விடப் பெரிதாக இருந்தது. உட்கார்ந்த வேலையும் இடுப்பின் சுற்றளவும் இருதயமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்ற பேச்சு அன்றே தொடங்கிவிட்டது.

ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஆண்கள். 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வில் சேர்க்கப்பட்ட 18,000க்கு மேற்பட்ட அரச ஊழியர்களும் ஆண்களே. 1978 முதல் 1980 வரை பிரித்தானியாவின் 24 நகரங்களில் 40 முதல் 59 வயது வரையான 7,735 பேரைத் தெரிந்தெடுத்துப் பெரிய ஆய்வொன்று ஆரம்பமானது. அவர்களும் ஆண்கள். அந்த நகரங்களின் பெண்களுக்காக அதேபோன்ற ஓர் ஆய்வு தொடங்குவதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது சேர்க்கப்பட்ட 4,286 பெண்களும் 60 வயதைக் கடந்தவர்கள்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்நாளில் நடுவயதில் மாரடைப்பால் இறந்தவர்களில் ஆண்களே மிகக் கூடுதலாக இருந்தனர். பெண்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக ஆண்களை விட ஒன்பது ஆண்டுகள் பிந்தியே வருகிறது என்று இன்ரர்ஹார்ட் ஆய்வும் காட்டியது. பிந்தி வருவதை "வராது" என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை.

எம்மவர் நிலையும் ஏறத்தாழ இதுவே. 1991இல் வெளியான, மேற்கு இலண்டனின் சவுத்தோல் பகுதியை மையமாகக் கொண்ட ஆய்வு, தெற்காசியருக்கு இருதய நோய் ஏன் கூடுதலாக வருகிறது என்று ஆராய்ந்தது. அதில் 3,193 ஆண்கள், 561 பெண்கள். தெற்காசியரில் பெரும்பாலோர் பஞ்சாபியர். இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய சலரோக ஆய்வில் வடக்கு, கிழக்கு மாகாணங்கள் சேரவில்லை. ஆக, குட்மேய்ஸில் வாழும் ஒரு யாழ்ப்பாணத்துத் தாயைப் போன்றவர்கள் இந்தக் கணக்குகளில் மிக அரிது. மற்றவர்களை அளந்து பெற்ற பாடங்களை எமக்குப் பொருத்திப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறோம்.

குறைந்தது எது?

முதலில் நல்ல செய்தியைச் சொல்லுவோம். 1974ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் வயதுவந்த ஆண்களில் 51 வீதமானோரும் பெண்களில் 41 வீதமானோரும் சிகரெட் புகைத்தார்கள். 2023இல் இருபாலாரையும் சேர்த்து ஏறத்தாழ 12 வீதமானோரே புகைத்தார்கள். வரி ஏறியது, விளம்பரம் நின்றது, 2007 ஜூலை 1 முதல் இங்கிலாந்தில் மூடிய பொது இடங்களிலும் வேலைத்தலங்களிலும் புகைப்பது தடைசெய்யப்பட்டது.

இதன் பயன் கண்கூடு. 1981க்கும் 2000க்கும் இடையில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 25 முதல் 84 வயதுவரை இருந்தவர்களிடையே இருதய நாடி நோயால் ஏற்படும் மரண விகிதம் ஆண்களில் 62 வீதமும் பெண்களில் 45 வீதமும் குறைந்தது. இது பற்றி 2004இல் வெளியான கணக்கின்படி, 1981இன் விகிதமே நீடித்திருந்தால் இறந்திருக்கக்கூடிய 68,230 பேர் 2000ஆம் ஆண்டில் மட்டும் உயிர் தப்பினர். இதில் 42 வீதம் மருந்துகள், அறுவைச் சிகிச்சைகள் போன்றவற்றால் வந்தது. 58 வீதம் ஆபத்துக் காரணிகள் குறைந்ததால் வந்தது. அவற்றிலும் முதலிடம் புகைத்தல் குறைந்ததற்கே.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். ஆண்கள் பெற்ற நன்மை பெண்களை விடக் கூடுதல். கூடுதலாகப் புகைத்தவர்கள் ஆண்கள். விட்டதால் கூடுதலாகப் பயனடைந்தவர்களும் ஆண்கள். எமது தாய்மாரும் சகோதரிகளும் பெரும்பாலும் புகைப்பதில்லை. அது அவர்களுக்கு ஏற்கனவே உள்ள பாதுகாப்பு. ஆனால் விடுவதற்கு சிகரெட் இல்லாதவருக்கு, அதை விடுவதால் வரும் இலாபமும் இல்லை. அவர்களுடைய ஆபத்து வேறு வாசலால் வருகிறது.

கூடியது எது?

அதே இருபது ஆண்டுகளில் மூன்று விடயங்கள் எதிர்த்திசையில் போயின: உடற்பருமன், சலரோகம், உடலசைவின்மை. 1996இல் பிரித்தானியாவில் சலரோகம் உள்ளதாகக் கண்டறியப்பட்டவர்கள் 14 இலட்சம் பேர். 2023இல் அத்தொகை 43 இலட்சத்தை எட்டியது.

எமது பூர்வீக மண்ணிலும் இதே கதைதான். சென்னை நகரில் வயதுவந்தவர்களிடையே சலரோகம் 1989இல் 8.3 வீதமாக இருந்தது. 1995இல் 11.6, 2000இல் 13.5, 2004இல் 14.3 என்று ஏறியது. வடக்கு, கிழக்கு சேராத மேற்சொன்ன இலங்கை ஆய்வில் ஆண்களில் 9.8 வீதமும் பெண்களில் 10.9 வீதமும் சலரோகம் காணப்பட்டது. ஆண், பெண் என்ற இடைவெளி இந்த நோயில் இல்லை என்றே சொல்லலாம்.

சவுத்தோல் ஆய்வில் தெற்காசியரில் 19 வீதமானோருக்குச் சலரோகம் இருந்தது. ஐரோப்பியரில் 4 வீதம் மட்டுமே. தெற்காசியருக்கு வயிற்றுப் பகுதியில் கொழுப்பு கூடுதலாகவும் நல்ல கொலஸ்ட்ரோல் குறைவாகவும் இருந்தன. கை கால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருக்கும் உடலமைப்பை நாம் அனைவரும் அறிவோம். அந்த வயிற்றுக் கொழுப்பு உடலின் இன்சுலினைச் சரிவர வேலை செய்ய விடுவதில்லை. அதே மக்களை இருபது ஆண்டுகள் பின்தொடர்ந்தபோது, சலரோகம் புதிதாக வரும் வாய்ப்பு தெற்காசியருக்கு ஐரோப்பியரை விட இரு மடங்காக இருந்தது. பெண்களைப் பொறுத்தவரை அந்த மேலதிக ஆபத்துக்கு வயிற்றுக் கொழுப்பும் இன்சுலின் எதிர்ப்பும் போதிய விளக்கமாக அமைந்தன. ஆண்களில் அவை மட்டும் போதவில்லை. எமது பெண்களின் இடுப்பளவு எவ்வளவு முக்கியம் என்பதை இது காட்டுகிறது.

இன்னொரு கணக்கு: முதல் மாரடைப்பு வரும் வயது, ஏனைய நாட்டவரில் நடுக்கணக்காக 58.8. தெற்காசியரில் 53. பிள்ளைகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் வயது, வீட்டுக் கடன் கட்டி முடியாத வயது அது.

பெண்களுக்கு எங்கே வேறுபடுகிறது?

இன்ரர்ஹார்ட் ஆய்வில் கண்ட ஒன்பது காரணிகளும் இருபாலாருக்கும் பொது. ஆனால் சில, பெண்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன. சலரோகம் உள்ள ஆணுக்கு மாரடைப்பு ஆபத்து, சலரோகம் இல்லாத ஆணை விட இரண்டரை மடங்குக்குச் சற்றுக் கூடுதல். சலரோகம் உள்ள பெண்ணுக்கோ, சலரோகம் இல்லாத பெண்ணை விட நான்கு மடங்குக்கு மேல். உயர் குருதி அமுக்கமும் அவ்வாறே பெண்களைச் சற்றுக் கூடுதலாகப் பாதித்தது. இயற்கை பெண்ணுக்குக் கொடுத்த பாதுகாப்பின் பெரும் பகுதியைச் சலரோகம் பறித்துவிடுகிறது எனலாம்.

பெண்களுக்கே உரிய சில காரணிகளும் உள்ளன.

கர்ப்பகாலச் சலரோகம்: பிள்ளை வயிற்றில் இருக்கும்போது சீனி ஏறி, பிறந்தபின் இறங்கிவிட்டால் "சரியாகிவிட்டது" என்று மறந்துவிடுகிறோம். ஆனால் அப்படி வந்த பெண்ணுக்குப் பின்னாளில் நிரந்தரச் சலரோகம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து மடங்கு. ஆண்டுக்கொரு முறை குருதிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இங்குள்ள மருத்துவ வழிகாட்டல்.

கர்ப்பகால உயர் குருதி அமுக்கம்: குறிப்பாகப் பிரீ-எக்ளாம்ப்சியா எனப்படும் நிலை வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இருதய நோய் வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு.

மாதவிடாய் நிற்றல்: ஈஸ்ட்ரஜன் குறைவதுடன் கெட்ட கொலஸ்ட்ரோல் ஏறுகிறது, கொழுப்பு இடுப்புக்கும் வயிற்றுக்கும் இடம் மாறுகிறது. நாற்பதில் சரியாக இருந்த எண்கள் ஐம்பத்தைந்தில் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

நோயைக் கண்டறிவதிலும் வேறுபாடு இருந்தது. இங்கிலாந்து, வேல்ஸில் 2004 முதல் 2013 வரை மாரடைப்பு வந்த ஏறத்தாழ ஆறு இலட்சம் பேரின் பதிவுகளை லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டனர். முதலில் பிழையாக வேறு நோய் என்று முடிவுசெய்யப்படும் வாய்ப்பு ஆண்களை விடப் பெண்களுக்கு 50 வீதம் கூடுதலாக இருந்தது. இருதயத் தசை சேதமடையும்போது குருதியில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தை அளந்துதான் மாரடைப்பை உறுதிசெய்கிறார்கள். நெடுங்காலமாக ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே எல்லையே பயன்பட்டது. 2015இல் எடின்பரோ மருத்துவர்கள் நுண்ணிய பரிசோதனையுடன் பெண்களுக்கெனக் குறைந்த எல்லையை வைத்துப் பார்த்தபோது, மாரடைப்பு என்று அறியப்பட்ட பெண்களின் வீதம் 11இலிருந்து 22ஆக, இரு மடங்காகியது.

எமது வீடுகளில்

ஊரில் எமது பெற்றோர் சோறும் பிட்டும் இடியப்பமும் தேங்காய்ப்பால் சொதியும்தான் உண்டார்கள். ஆனால் தோட்டத்துக்கும் சந்தைக்கும் கோவிலுக்கும் நடந்தோ சைக்கிளிலோ போனார்கள். சாப்பாட்டை நாம் கூடவே கொண்டுவந்தோம், நடையை அங்கேயே விட்டுவிட்டோம். ஆண்களில் பலர் இரவு வேலை, நீண்ட நேரக் கடை வேலை, கார் ஓட்டம் என்று இருக்கிறோம். பெண்களில் பலர் வெளி வேலையும் பார்த்து, வீட்டு வேலையும் பார்த்து, எல்லோரும் சாப்பிட்ட பின் இரவு பத்து மணிக்கு மிச்சத்தைச் சாப்பிடுகிறார்கள். சட்டியில் இருப்பது வீணாகக் கூடாதே என்று உண்ணும் அந்த ஒரு பிடி சோறும் கணக்கில் சேரும்.

வார இறுதி என்றால் பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம். மட்டன் ரோல்ஸ், வடை, பிரியாணி, ஐஸ்கிறீம், பக்கத்து அறையில் போத்தல். மதுவைப் பொறுத்தவரை பிரித்தானியாவில் ஆண்களுக்கு வாரத்துக்கு 21 யுனிற், பெண்களுக்கு 14 யுனிற் என்று முன்னர் சொல்லப்பட்டது. 2016 முதல் இருபாலாருக்கும் 14 யுனிற்றைத் தாண்ட வேண்டாம் என்பதே ஆலோசனை. இருதயத்துக்கு நல்லது என்று சொல்லிக் குடிக்கத் தொடங்க வேண்டியதில்லை.

பெரிய மாற்றங்களைச் செய்ய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கோப்பையில் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தில் கீரை, பயற்றங்காய், பருப்பு வையுங்கள். தேங்காய்ப்பாலை இரண்டாம் பாலாக்கி, முதற்பாலை விசேட நாளுக்கு வையுங்கள். ஊறுகாய், கருவாடு, அப்பளம், மோர்மிளகாய் ஆகியவற்றில் உள்ள உப்பையும் கணக்கில் எடுங்கள். ஒரு நாளைக்கு மொத்தம் 6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி மட்டுமே. ஒரு நாளைக்கு நாலு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால், அது நாளுக்கு எட்டுக் கரண்டி. நடையைப் பொறுத்தவரை வாரத்தில் 150 நிமிடம், மூச்சுச் சற்று வாங்கும் வேகத்தில். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் குட்மேய்ஸ் பார்க்கையோ வலன்டைன்ஸ் பார்க்கையோ சுற்றினால் போதும். கணவனும் மனைவியும் சேர்ந்து போனால் இரண்டு இருதயத்துக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம்.

தெரிந்திருக்க வேண்டிய எண்கள்

1. குருதி அமுக்கம்: கிளினிக்கில் 140/90க்குக் கீழும், வீட்டில் அளந்தால் 135/85க்குக் கீழும் இருக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இங்கிலாந்தின் பல பார்மசிகளில் என்.எச்.எஸ். மூலம் இலவசமாக அளப்பார்கள்.

2. எச்.பி.ஏ.1சி: இரண்டு, மூன்று மாதச் சீனியின் சராசரி. 42க்குக் கீழ் சாதாரணம். 42 முதல் 47 வரை எச்சரிக்கை. 48உம் அதற்கு மேலும் சலரோகம்.

3. கொலஸ்ட்ரோல்: மொத்தத் தொகையை மட்டும் கேட்டு வராதீர்கள். நல்ல கொலஸ்ட்ரோல் எவ்வளவு, மொத்தத்தை அதனால் வகுத்தால் வரும் விகிதம் எவ்வளவு என்றும் கேளுங்கள்.

4. இடுப்பளவு: உங்கள் உயரத்தின் பாதிக்குக் குறைவாக இருக்க வேண்டும். 160 செ.மீ. உயரமான பெண்ணுக்கு 80 செ.மீ.க்குக் கீழ், 170 செ.மீ. ஆணுக்கு 85 செ.மீ.க்குக் கீழ். காற்சட்டை சைஸை நம்ப வேண்டாம். விலா எலும்பின் அடிக்கும் இடுப்பெலும்பின் மேலுக்கும் நடுவே நாடாவை வைத்து அளக்க வேண்டும்.

5. பி.எம்.ஐ.: வெள்ளையருக்குச் சொல்லும் 25, 30 என்ற எல்லைகள் எமக்குப் பொருந்தாது. தெற்காசியருக்கு 23இல் ஆபத்து கூடத் தொடங்குகிறது, 27.5இல் அதிக ஆபத்து.

ஜீ.பி.யிடம் என்ன சொல்ல வேண்டும்?

இங்கிலாந்தில் 2009 முதல் 40 முதல் 74 வயது வரையானவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை இலவச என்.எச்.எஸ். ஹெல்த் செக் உண்டு. ஏற்கனவே இருதய நோய், சலரோகம் போன்றவை உள்ளவர்களுக்குத் தனியான பரிசோதனை நடைபெறும். கடிதம் வந்தால் குப்பையில் போடாதீர்கள். வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

அங்கே கியூரிஸ்க் என்ற கணக்கின் மூலம் அடுத்த பத்து ஆண்டுகளில் உங்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ வரும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று சொல்வார்கள். 10 வீதமோ அதற்கு மேலோ என்றால் வாழ்க்கை முறை மாற்றத்துடன் ஸ்டாட்டின் குளிசை பற்றியும் பேசுவார்கள். கணக்கு சரியாக வர, நாம் கொடுக்கும் விபரம் சரியாக இருக்க வேண்டும். முக்கியமாக நான்கு விடயங்கள்:

முதலாவது, இனம். உங்கள் பதிவில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் நிரப்பச் சொல்லுங்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் இந்தியர் என்றும், இலங்கைத் தமிழர் ஏனைய ஆசியர் என்றும் பதியப்படுவது வழக்கம்.

இரண்டாவது, குடும்ப வரலாறு. தாய், தகப்பன், கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது 60 வயதுக்கு முன் இருதய நோய் வந்ததா என்று கேட்பார்கள். போர்க்காலத்தில் ஊரில் இறந்த எத்தனையோ பேருக்கு மருத்துவ அறிக்கை இல்லை. "படுத்தவர் எழும்பவில்லை", "நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தார்" என்றுதான் எமக்குத் தெரியும். அதை அப்படியே சொல்லுங்கள். ஊரில் உள்ள மூத்தவர்களிடம் இன்றே தொலைபேசியில் கேட்டு எழுதிவையுங்கள். சில ஆண்டுகளில் கேட்பதற்கு ஆளிருக்காது.

மூன்றாவது, கர்ப்பகால வரலாறு. இன்று ஜீ.பி.க்கள் பரவலாகப் பயன்படுத்தும் கியூரிஸ்க்-3 கணக்கில் கர்ப்பகாலச் சலரோகம், பிரீ-எக்ளாம்ப்சியா பற்றிய கேள்வி இல்லை. கேட்க மாட்டார்கள், ஆகவே தாய்மார் தாமாகச் சொல்ல வேண்டும். பிள்ளை இப்போது பெரியவராகியிருந்தாலும் சொல்லுங்கள்.

நான்காவது, மொழி. ஆங்கிலம் கடினமென்றால் அப்பொயின்மென்ட் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அழைத்துச்சென்று, தாயின் மாதவிடாய் பற்றியும் மன அழுத்தம் பற்றியும் மொழிபெயர்க்கச் சொல்வது பிள்ளைக்கும் நல்லதல்ல, தாய்க்கும் நல்லதல்ல.

நெஞ்சு நோ வந்தால்

பெண்களுக்கு வேறு அறிகுறிகளே வரும் என்று ஒரு பேச்சு பரவியுள்ளது. அது முழுவதும் சரியல்ல. 2019இல் வெளியான எடின்பரோ ஆய்வில் இருபாலாரிலும் 93 வீதமானோருக்கு நெஞ்சு நோவே முக்கிய அறிகுறியாக இருந்தது. நடு நெஞ்சில் இறுக்கம் அல்லது பாரம், அது கைக்கோ கழுத்துக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல், சத்தி, தலைச்சுற்று ஆகியன வரலாம்.

எமது வீடுகளில் பெண்கள் இதை "வாய்வு" என்று சொல்லி இஞ்சித் தண்ணீரோ ஓமத் தண்ணீரோ குடித்துவிட்டுப் படுப்பார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள், ஒன்றுமில்லை என்று தெரிந்தால் வெட்கமாயிற்றே என்று விடியும்வரை பொறுப்பார்கள். அந்தச் சில மணித்தியாலங்களில் சாகும் இருதயத் தசை திரும்ப வளராது. உடனே 999 அழையுங்கள். அலர்ஜி இல்லையென்றால், வீட்டில் இருந்தால், 300 மி.கி. அஸ்பிரின் ஒன்றைச் சப்பி விழுங்கிவிட்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அமர்ந்திருங்கள்.

காரில் ஏற்றிக்கொண்டு ஓடாதீர்கள். குட்மேய்ஸிலேயே கிங் ஜோர்ஜ் வைத்தியசாலை இருக்கிறதே என்று நினைப்போம். ஆனால் ஆம்புலன்ஸில் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் நாடி முற்றாக அடைபட்டது தெரிந்தால், அவர்கள் எமது பகுதி நோயாளரை வழக்கமாக நேரே சென்ற் பார்த்தலோமியூ வைத்தியசாலைக்குக் கொண்டுபோவார்கள். 2015இல் அங்கு அமைந்த இருதய நிலையத்தில்தான் அடைப்பை உடனே திறக்கும் வசதி உள்ளது. நாமே காரில் கொண்டுபோனால் முதலில் ஓர் இடம், பிறகு இன்னோர் இடம் என்று நேரம் போய்விடும்.

முடிவாக

இந்த இதழை வாசித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து நடுவே ஒரு கோடு போடுங்கள். ஒரு பக்கம் ஐயாவின் பெயர், மறுபக்கம் அம்மாவின் பெயர். மேலே சொன்ன ஐந்து எண்களையும், அளந்த திகதியையும் இரண்டு பக்கத்திலும் எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அம்மாவின் பக்கம் வெறுமையாக இருக்கும் என்று நாம் எண்ணுகிறோம். அதை நிரப்பும் பொறுப்பைக் கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் எடுத்துக்கொள்ளுங்கள். ஜீ.பி.க்குத் தொலைபேசி எடுத்து அப்பொயின்மென்ட் வாங்கிக் கொடுங்கள், அன்றைக்கு வீட்டு வேலையைப் பாருங்கள்.

குறிப்பு: இக்கட்டுரை பொது அறிவுக்காக எழுதப்பட்டது. எந்த மருந்தையும் நீங்களாகத் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். ஸ்டாட்டின் எடுக்கும் பெண்கள் பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லுங்கள்.